அரைப் பேர்

மஸ்கெலியா டவுனில்
போட்டோகொப்பிக் கடையில் எனக்கு வேலை.
அடைமழை நாளில் ஆள் வராது.
அப்படி ஒரு நாளில்தான் அந்தக் கோப்பை இறக்கினேன்.
எங்கோ ஒரு நாட்டின் அரசு
தான் கொடுத்த காசையெல்லாம்
யாரும் பார்க்கலாமென்று திறந்து வைத்திருந்தது.
கடவுச்சொல் இல்லை.
"ஐயா இருக்காரா?" என்று
கந்தோர் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள்.
நாட்டைப் போட்டுச் சலித்தேன்,
மாவட்டத்தைப் போட்டுச் சலித்தேன்.
மிஞ்சிய நாற்பத்தொன்றில்
முப்பத்தேழாவது வரியில்
நாங்கள் இருந்தோம்.

டன்பிராக் தோட்டம், கீழ்ப்பிரிவு.
துப்புரவு அலகு: இருபத்து நான்கு.
பயனாளிகள்: தொண்ணூற்றாறு.
நிலை: நிறைவுற்றது.

துப்புரவு அலகுன்னா என்னா, என்றாள் ஜெயரூபி அக்கா.
கக்கூஸ், என்றேன்.
சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.

அன்றிரவு போன் வெளிச்சத்தில்
அட்டை ஏறிய காலோடு
லயத்துக்குப் பின்னால் எண்ணிக்கொண்டே போனோம்.
பதினொன்று.
இரண்டுக்குக் கதவில்லை.
ஒன்றில் விறகு அடுக்கியிருந்தது.
இன்னொருக்கா எண்ணு, இருட்டுல தப்பியிருக்கும்.
எண்ணினோம்.
பதினொன்று.

கோப்பில் வரைபடமும் உண்டு.
எங்கள் புள்ளி
நீர்த்தேக்கத்தின் நட்டநடுவில் விழுந்திருக்கிறது.
தசமத்துக்குப் பின்னால் ஒரே ஓர் இலக்கம்;
மிச்சத்தை யாரோ சுருக்கிவிட்டார்கள்.
அப்ப மிச்சம் பதிமூணும் மீனுக்குக் கட்டினது,
என்றான் லோரி ஓட்டும் கனகசிங்கம்.

காசு வந்த பாதையும் இருந்தது:
அவர்கள் தலைநகரம், கொழும்பு,
ஒரு கூட்டமைப்பு, ஹட்டனில் ஒரு நிறுவனம்.
ஒவ்வொரு இடத்திலும் ஒரு தொகை,
அடுத்த இடத்தில் அதைவிடச் சின்னது.
கணினி படித்த எனக்கு விளங்கவில்லை.
அக்காவுக்கு உடனே விளங்கியது.

நிறுவையில நிக்கிறோம்ல,
சாக்குக்கு ரெண்டு கிலோ,
மழைத் தண்ணிக்கு ரெண்டு,
முத்தின இலைக்கு ஒண்ணு.
பதினெட்டு கொண்டுபோனா பதிமூணு எழுதுறான்.
அப்புறம் அரைப் பேருங்கிறான்.
இதுவும் அந்தத் தராசுதான்.
இதுல முள்ளு நம்ம பக்கமும் தெரியுது,
அவ்வளவுதான்.

ஹட்டனுக்குப் பிறகு கட்டங்கள் காலி.
களவு போனதென்று காலிக் கட்டம் சொல்லாது.
போகவில்லை என்றும் சொல்லாது.

என்னை உறுத்தியது வேறு.
தொண்ணூற்றாறு பயனாளிகள், ஒரு பேரும் இல்லை.
பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை
என்பது மலையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.
பேரே இல்லாத தொண்ணூற்றாறு பேருக்கு
முழுப் பேர் போட்டுக் கணக்கு முடித்திருக்கிறார்கள்.

அந்த வரியைத் தமிழில் எழுதி
பெரிய எழுத்தில் அச்சடித்து
பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்டினோம்.
கீழே இருபத்து நான்கு கோடு.
கக்கூஸ் இருக்கிற காம்பராக்காரர்
தன் பேரைத் தானே எழுதட்டும்.
ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள்
பதினொரு கோட்டில் மை.
விறகு அடுக்கிய வேலாயி
எழுதலாமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு எழுதினாள்.
பதிமூன்று கோடு வெள்ளையாய் நின்றது.
அதைப் படமெடுத்து,
பிழை கண்டால் அறிவிக்கவும் என்று
கோப்பின் அடியிலிருந்த முகவரிக்கு அனுப்பினேன்.

ஆறு கிழமை.
பிறகு ஒரு காலை அந்த வரி மாறியிருந்தது.
நிறைவுற்றது என்பது போய்
நடைபெறுகிறது.
ஒரு சொல்.
செங்கல் ஒன்றும் வரவில்லை.
ஹட்டனிலிருந்து மட்டும் ஒருவர் போன் எடுத்து
நான் யாருடைய ஆள் என்று கேட்டார்.
முப்பத்தேழாவது வரி, என்றேன்.

இப்போது அந்தி நிறுவை முடிந்து
கூடையை இறக்கியதும்
அக்கா போன் அடிக்கிறாள்.
எனக்கு இன்னிக்கு பதினாலு.
அங்க எத்தனை எழுதியிருக்கான், பாரு.